ஓய்வெடு என்றால் போதுமா?



மார்க்கத் தீர்ப்புச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. என் வீட்டில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். என் மனைவியிடம் கேட்டபோது, "எழுதுங்க. ஆனா உங்கட பிழைய ஒளிக்காம எழுதுங்க" என்றாள். அந்த நிபந்தனையோடுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவளுடைய கைகளில் ஏதோ மாற்றம் தொடங்கியது. தேத்தண்ணீர்க் கோப்பை கை நழுவி விழும். சின்ன மகனின் சட்டைப் பொத்தானைப் போடுவதற்கு நெடுநேரம் எடுக்கும். "விரல் நுனியெல்லாம் விறைக்குது" என்பாள். நாங்கள் அதை வாதம் என்று நினைத்தோம். எண்ணெய் பூசினோம், ஒத்தடம் கொடுத்தோம். பொத்தான் போடத் தாமதித்து மகனுக்குப் பாடசாலை வாகனம் தவறிய ஒரு காலையில், "கொஞ்சம் கெதியாப் போடக்கூடாதா?" என்று நானே கடிந்துகொண்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

பிறகு நடையும் தளம்பத் தொடங்கியது. இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அப்போதுதான் பயம் வந்து, பெரிய வைத்தியரிடம் போனோம். எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவர் விளக்கினார். நம் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே மெத்தை போன்ற இடைத்தட்டுகள் உண்டு. ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் இடையிலுள்ள தட்டு பிதுங்கி, மூளையிலிருந்து இறங்கிவரும் முண்ணாணை நெரித்துக்கொண்டிருக்கிறது. கையின் விறைப்பும் காலின் தளம்பலும் அதனால்தான் வந்தன. இதை மேலும் விட்டால் இழந்த பலம் திரும்பாமலே போகலாம் என்றார்.

2023 ஜனவரியில் கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. கழுத்தின் பின்புறத்தை வெட்டுவார்கள் என்று நினைத்திருந்தோம். ஆனால் முன்புறமாகச் சிறிய கீறல் போட்டு, பழுதான தட்டை அகற்றி, அந்த இடத்தில் அவளுடைய இடுப்பெலும்பிலிருந்து எடுத்த ஒரு சிறு துண்டை வைத்து, மெல்லிய உலோகத் தகட்டையும் ஆணிகளையும் கொண்டு பொருத்திவிட்டார்கள். 1950களிலிருந்தே உலகில் செய்யப்பட்டு வரும் சிகிச்சைமுறை இது. ஆனால் அந்த எலும்புத் துண்டு மேலும் கீழுமுள்ள எலும்புகளோடு ஒன்றாகக் கூடிவருவதற்கு மாதக்கணக்காகும். வைத்தியர் சில மணித்தியாலத்தில் தம் வேலையை முடித்துவிடுகிறார். மிச்ச வேலை முழுவதும் வீட்டில்தான் நடக்கவேண்டும்.

வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு தாள் தந்தார்கள். ஆறு கிழமைக்குக் கழுத்துப் பட்டி அணியவேண்டும், பாரம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது, கழுத்தைத் திருப்பக்கூடாது, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி வேலை செய்யக்கூடாது, ஒவ்வொரு நாளும் நடக்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எரிபொருளைக் கியூஆர் அட்டைக்கு அளந்து கொடுத்த காலம் அது. எப்படியோ ஒரு வேனை ஒழுங்குசெய்து, ஆசனத்தைச் சாய்த்து, வழியில் நான்கு தடவை இறக்கி நடக்கவைத்து, ஊர் வந்து சேர்ந்தோம். வந்ததும் தாளை வாசித்துக் காட்டினேன். "விளங்கிச்சா? ஒரு வேலையும் செய்யாதீங்க, ஓய்வெடுங்க" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துக் கிதாபுக்குள் வைத்தேன். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

முதல் இரண்டு கிழமைகள் எப்படியோ கழிந்தன. கட்டிலிலிருந்து எழும்புவதையே புதிதாகப் படிக்கவேண்டியிருந்தது. நேராக நிமிர்ந்து எழும்பக்கூடாது. முதலில் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரு மரக்குற்றி புரள்வதுபோல ஒன்றாகப் புரண்டு ஒருக்களிக்கவேண்டும். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்பவேண்டும். தலையணை ஒன்று போதும், அதுவும் உயரமில்லாதது. கழுத்தை முன்பக்கமாகத் திறந்ததால் விழுங்குவது கடினமாக இருந்தது. குரலும் கம்மிப்போனது. உரொட்டியும் காய்ந்த பாணும் தொண்டையில் நின்றன. கஞ்சி, குழைத்த சோறு, பப்பாசி என்று கொடுத்தோம். நிமிர்ந்து உட்கார்ந்து சிறிது சிறிதாக விழுங்கினாள். குரல் இரண்டு மாதத்தில் திரும்பியது. கழுத்தைவிட இடுப்பில் எலும்பெடுத்த இடம்தான் அதிகம் நோகிறது என்று அவள் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அது வழமைதான் என்று பிறகு அறிந்தேன்.

நோய் விசாரிக்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. அல்ஹம்து லில்லாஹ், நம் ஊர்களின் நல்ல பழக்கம் அது. பிஸ்கட்டும் அப்பிளும் மேசையை நிறைத்தன. ஆனால் சகோதரிகளே, ஒன்று கேட்கிறேன். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றியது யார்? பன்னிரண்டு வயது மகள் பாடசாலையிலிருந்து வரும்வரைக்கும், கழுத்துப் பட்டியோடு அவளேதான் மெதுவாகக் குசினிக்குப் போய் வந்திருக்கிறாள். நான் அதைக் காணவில்லை. காண முயலவுமில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் பழைய கூட்டாளிகள் இருவரைக் கண்டேன். பல வருடங்களுக்கு முன் அறபுக் கல்லூரியில் ஒரே அறையில் படுத்தவர்கள். "வாங்க, வீட்ட போய்ச் சாப்பிடுவோம்" என்று கூட்டிவந்துவிட்டேன். சோறு மாமி வீட்டிலிருந்து வந்திருந்தது. மூவருக்குப் போதாது. விருந்தாளிகளோடு விறாந்தையில் பழைய கதை பேசிக்கொண்டிருந்தேன். குசினியில் தேங்காய் திருவும் சத்தம் கேட்டது. மகள் திருவுகிறாள் என்று நினைத்தேன். மகள் கடைக்குப் போயிருந்தாள்.

அன்று தேங்காய் திருவியதும் சோற்றுப் பானையை இறக்கி வடித்ததும் என் மனைவிதான். இரவு பத்து மணியளவில் கழுத்திலிருந்து வலக்கைப் பெருவிரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு வலி. விரல்கள் மறுபடி மரத்துவிட்டன. அவள் அழவில்லை. "இஞ்ச பாருங்க, ஆணி கழண்டிருக்குமோ?" என்று மட்டும் கேட்டாள். அந்த இரவில் முச்சக்கரவண்டியைப் பிடித்து, ஒவ்வொரு குழியிலும் "யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போன வழியை இன்னும் நான் மறக்கவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். அல்லாஹ்வின் கிருபை, தகடும் ஆணிகளும் அசையவில்லை. தசைகள் இறுகி நரம்பு எரிச்சலடைந்திருக்கிறது என்றார்கள். கொழும்பிலுள்ள வைத்தியருக்கும் படம் காட்டப்பட்டது. வலி அடங்க ஒரு கிழமை சென்றது.

மறுநாள் பிசியோதெரபி செய்யும் சகோதரி வந்து, எங்கள் இருவரிடமும் நடந்ததைக் கேட்டறிந்தார். பிறகு என்னைப் பார்த்து அமைதியாகக் கேட்டார்: "மௌலவி, இவங்கள வேலை செய்யவேணாம் என்டு சொன்னீங்க. சரி. அந்த வேலைய யாரச் செய்யச் சொன்னீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு இஸ்லாம் பாடம் படித்துக்கொடுக்கிறேன். நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்ததை எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! எழுதிய கை என்னுடையதுதான். ஆனால் அந்தக் கை என் வீட்டுக் குசினியின் கரண்டியைத் தொட்டதில்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு நானும் மூன்று பிள்ளைகளும் அவளுடைய கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். ஸுபஹிலிருந்து படுக்கும்வரை அவள் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். மூத்த மகன் எழுதினான். முற்றம் கூட்டுவது, தண்ணீர் நிரப்புவது, மா குழைப்பது, தேங்காய் திருவுவது, உடுப்பு ஊறவைப்பது, பிழிவது, கொடியில் போடுவது, சின்னவனைக் குளிப்பாட்டுவது, மாமிக்கு மருந்தெடுத்துக் கொடுப்பது, அசருக்குப் பிறகு அயல் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது... தாளின் ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கமும் நிறைந்தது. எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவை நிறுத்திவிட்டு, "உம்மா, இவ்வளவும் நீங்க ஒராளா செய்றீங்க?" என்று கேட்டான். அவளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

ஒவ்வொரு வேலைக்கும் நேரே ஒரு பெயரை எழுதினோம். அந்தத் தாளைக் குசினிச் சுவரில் ஒட்டினோம். தேங்காயும் சோறு வடிப்பதும் எனக்கு. உடுப்பும் முற்றமும் மூத்தவனுக்கு. மகளுக்கு உம்மாவின் வுழூவும் தலைவாருவதும். நான்கு வயதுச் சின்னவனுக்கும் ஒரு வேலை கொடுத்தோம்: கீழே விழுந்த பொருட்களைப் பொறுக்கி உம்மாவிடம் கொடுப்பது. "உம்மா தூக்குங்க" என்று அழும்போது அவளைத் தூக்கவிடாமல், அவள் பக்கத்தில் ஒரு கதிரையை வைத்து அதிலே அவனை ஏறி நிற்கச் சொன்னோம். ஏறிநின்று கட்டிக்கொள்வான். அவனுக்கு அது போதுமாயிருந்தது.

அடுத்த நாள் நான் தும்புத்தடியை எடுத்ததைக் கண்டு மாமி ஓடிவந்தார். "மருமகன், அத வைங்க. ஊர் பார்த்தா என்ன சொல்லும்?" என்றார். "ஊர் பார்க்கட்டும் மாமி" என்றேன். உண்மையில் எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. மூன்று நாளில் வெட்கம் போய்விட்டது. என் முதல் ஆணத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. அவள் கட்டிலிலிருந்து சிரித்தாள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துக் கேட்டேன்.

தொழுகையைப் பற்றியும் சொல்லவேண்டும். பல சகோதரிகள் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கழுத்தில் காயம் இருப்பதால் வுழூ செய்யலாமா என்று அவளே முதலில் தயங்கினாள். வுழூவில் கட்டாயம் கழுவவேண்டிய உறுப்புகளில் கழுத்து இல்லை. ஆகவே கதிரையில் நேராக உட்கார்ந்தபடி, முகம், கை, கால்களை மகள் கழுவிவிட, தலையை மஸ்ஹு செய்துகொண்டாள். குனிந்து கால் கழுவ முயலவில்லை. காயம் ஆறும்வரையுள்ள கடமையான குளிப்பைப் பற்றி ஒவ்வொருவரும் தம் நிலையைச் சொல்லி ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தொழுகையில் அவளால் நிற்க முடிந்தபோது நின்றாள். ருகூவுக்கும் ஸுஜூதுக்கும் கதிரையில் உட்கார்ந்தாள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சைகை செய்வதென்றால் நாம் தலையைத்தான் குனிவோம். அவளுக்கோ விலக்கப்பட்டதே அதுதான். எனவே கழுத்தை நேராக வைத்து, இடுப்பிலிருந்து உடலைச் சற்று முன்னே சாய்க்கும்படி பிசியோதெரபி சகோதரி காட்டித் தந்தார். ஸுஜூதுக்கு ருகூவைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தாள். ஸலாமில் முகத்தைத் திருப்புவது ஸுன்னத்து. திருப்ப முடியாதவர் நேரே பார்த்து ஸலாம் கொடுத்தாலும் தொழுகை கூடிவிடும்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முதல் நாள் தொழுது முடித்ததும், "நெத்தி நிலத்துல படாம என்ன தொழுகை?" என்று அழுதாள். நின்று முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துத் தொழுமாறு மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நினைவூட்டினேன். அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதும் அவனுக்குக் கட்டுப்படுவதுதான். நம் பெண்கள் இந்தச் சலுகைகளைக் கிதாபில் ஒப்புக்கொள்கிறார்கள். தமக்கென்று வரும்போது குற்றமாக நினைக்கிறார்கள். தொழுகையில் மட்டுமா? குசினியிலும் அப்படித்தான்.

இனி, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு அவருடைய வைத்தியர் சொன்னதே முதன்மையானது. பட்டி அணியும் காலம்கூட ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு அது தேவைப்படுவதேயில்லை.

நடைதான் முதல் மருந்து. முற்றத்து மணலில் கால் புதைந்து தளம்பியதால், விறாந்தையின் சீமெந்துத் தரையில் நடந்தாள். முதலில் ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. ஆறாவது கிழமையில் ஸுபஹுக்குப் பிறகு ஒரே தடவையில் அரை மணித்தியாலம். கழுத்துப் பயிற்சிகளை அவள் தானாகத் தொடங்கவில்லை. ஆறு கிழமை முடிந்து மறுபடி எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் அந்தச் சகோதரி அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். யாராவது வந்து கழுத்தைப் பிடித்துவிடுகிறேன், எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்றால், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் விடாதீர்கள்.

விரல்களுக்குப் பலம் வருவதற்குத் தட்டில் கடலையைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொன்னார்கள். துவாயைச் சுருட்டிப் பிடித்து விடச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழிந்தபின், மேசையருகே உட்கார்ந்து ஒரு கைப்பிடி உரொட்டி மா குழைப்பதும் பயிற்சியாயிற்று. குடும்பத்துக்கே குழைப்பது என் பொறுப்பில்தான் இருந்தது.

குர்ஆன் ஓதுவதற்கு அவள் பாயில் உட்கார்ந்து ரிஹாலில் வைத்துக் குனிந்து ஓதுபவள். அது கழுத்துக்குப் பெரும் சுமை. மேசைமேல் ஒரு பெட்டியை வைத்து, அதன்மேல் ரிஹாலை வைத்துக் கண் மட்டத்துக்கு உயர்த்தினோம். கைத்தொலைபேசியும் அப்படித்தான், அதை மடியில் வைத்துப் பார்க்கக்கூடாது. ஒரே இருப்பில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கவிடாமல் சின்னவன் வந்து, "உம்மா, எழும்புங்க" என்பான்.

தலைவழியாகப் போடும் உடுப்பை விட்டு, முன்னால் திறக்கும் சட்டையும் அபாயாவும் தைத்தோம். முக்காட்டை இழுத்துக் கட்டாமல் தளர்வான சால்வையாகப் போட்டாள். நம் வெயிலுக்குப் பட்டியின் உள்ளே வியர்க்கும், தோல் சிவக்கும். மகள் ஒவ்வொரு நாளும் பார்த்து மெல்லிய பருத்தித் துணியை மாற்றுவாள். குந்தியிருக்கும் கழிவறைக்குப் பதில் ஒரு கொமட் கதிரையை இரவல் வாங்கினோம். குளியலறையில் வழுக்காத விரிப்புப் போட்டோம். இரவில் ஒரு சிறு விளக்கு எரியும். விழுந்துவிடாமல் காப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காவல். வலி மாத்திரைகளையும் கடையில் கேட்டு வாங்கவேண்டாம். எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தக்கூடிய சில வகைகள் உண்டு. புகைத்தலும் அப்படியே.

சில அடையாளங்களைக் கண்டால் விடியும்வரை காத்திருக்கவேண்டாம். மூச்செடுக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாமற் போவது, கழுத்து வீங்குவது, காயத்திலிருந்து ஊனம் வடிவது, காய்ச்சல், கை கால் மேலும் சோர்ந்துபோவது, சலம் மலம் கட்டுப்படாமற் போவது, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நோய் விசாரிக்கப் போகும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். பிஸ்கட் பெட்டிக்குப் பதிலாக ஒரு சட்டி ஆணம் கொண்டுபோங்கள். போன இடத்தில் இரண்டு கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். உங்களுக்குத் தேத்தண்ணீர் போட எழும்பும் நோயாளியைக் கையைப் பிடித்து இருத்துங்கள்.

மார்ச் கடைசியில் ரமழான் வந்தது. பட்டி கழன்றுவிட்டிருந்தது. வைத்தியரின் அனுமதியோடு நோன்பு பிடித்தாள். நோன்புக் கஞ்சிப் பானையை அந்த வருடம் நானும் மூத்தவனும் இறக்கினோம். அவள் கதிரையிலிருந்து, "இஞ்சி காணாது" என்று மட்டும் சொன்னாள். ஆறாவது மாதத்தில் எலும்பு நன்றாகக் கூடியிருப்பதாக வைத்தியர் சொன்னார். முதல் தடவை நெற்றியை நிலத்தில் வைத்தபோது அவள் எழும்ப நெடுநேரமாயிற்று. பயந்து அருகில் போனேன். துஆ கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொன்னால் அது பொய். நடை நேராகிவிட்டது. பொத்தான் போடுகிறாள். அயல் பிள்ளைகள் மறுபடி ஓத வருகிறார்கள். ஆனால் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளில் விறைப்பு இன்னும் இருக்கிறது. நெரிபட்ட நரம்பு மெதுவாகத்தான் மீளும், சிலது மீளாமலும் போகும். ஆரம்பத்திலேயே நான் செவிகொடுத்திருந்தால் அதுவும் மிஞ்சியிருக்காதோ என்ற எண்ணம் என்னை விட்டுப் போவதில்லை. "எனக்குக் கை விறைக்குது" என்று உங்கள் வீட்டில் ஒருவர் சொன்னால், கேளுங்கள். நீங்களே அவராக இருந்தால், கேட்கும்வரை சொல்லுங்கள்.

அந்தத் தாள் இன்னும் எங்கள் குசினிச் சுவரில் இருக்கிறது. எண்ணெய்ப் புகை பட்டு மஞ்சளாகிவிட்டது. அவள் சுகமானதும் அதைக் கிழிக்கப் போனாள். மூத்தவன் விடவில்லை. தேங்காய் திருவுவதற்கு நேரே இன்றும் என் பெயர்தான் இருக்கிறது.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவைத் தருவானாக. அவர்களோடு வீட்டிலிருப்பவர்களுக்கு அந்தச் சுமையைப் பங்கிட்டு எடுக்கும் மனதையும் தருவானாக. ஆமீன்.